மூடிய பள்ளியில் கோடைப் படிப்பா?

கேள்வி: சென்னையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் என் மகளுக்குக் கிரேக்க நாட்டின் ஸ்பெட்சஸ் தீவில் நடைபெறும் கோடைப் பயிலரங்கில் இடம் கிடைத்துள்ளது. அது நடைபெறும் உறைவிடப் பள்ளி 1983-லேயே மூடப்பட்டுவிட்டதாக அறிகிறேன். நம்பி அனுப்பலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: தாங்கள் அறிந்தது உண்மைதான்; ஆயினும் அதனாலேயே இது மோசடி என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவில் புகையிலை வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டித் தம் தீவுக்குத் திரும்பிய சோட்டிரியோஸ் அனார்கிரோஸ், இங்கிலாந்தின் புகழ்பெற்ற உறைவிடப் பள்ளிகளைப் போலத் தம் நாட்டிலும் ஒன்று வேண்டும் என்று விரும்பினார். மாரினோஸ் கொர்கியாலேனியோஸ் என்னும் வணிகரின் கொடையும் சேர, இருவர் பெயரையும் தாங்கிய அப்பள்ளி 1927-இல் தொடங்கியது. மொட்டையாகக் கிடந்த குன்றுகளில் பைன் மரங்களை நட்டுத் தீவைப் பசுமையாக்கியவரும் அனார்கிரோஸ்தான். அவரைப் பற்றிப் படிக்கும்போது பள்ளியைவிட அந்த மரங்களே என் மனத்தில் நிற்கின்றன.

பள்ளி மூடப்பட்டாலும் வளாகம் கைவிடப்படவில்லை. பல்கலைக்கழகங்களும் அறிவியல் அமைப்புகளும் அங்கே மாநாடுகளையும் கோடைப் பயிலரங்குகளையும் நடத்துகின்றன. அதாவது, அந்த வளாகம் இடம் தருகிறது. பாடம் நடத்துபவர்கள் வேறு. ஆகவே தாங்கள் ஆராய வேண்டியது பள்ளியின் நிலையை அன்று, பயிலரங்கை நடத்தும் நிறுவனத்தையே. அழைப்புக் கடிதத்தில் உள்ள பேராசிரியர்களுக்கு அவரவர் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியில் தங்கள் மகளின் ஆய்வு நெறியாளரே எழுதிக் கேட்கட்டும். கட்டணத்தைத் தனிநபர் கணக்கில் செலுத்தச் சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான ஷெங்கனில் கிரேக்கமும் ஒன்று. விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஸ்பெட்சஸில் விமான நிலையம் இல்லை என்பதால், ஏதென்ஸில் இறங்கி, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கடல்வழியாகச் செல்ல வேண்டும். விமானம் மாலையில் இறங்குமானால், கடைசிப் படகைப் பிடிக்க ஓடாமல் அன்றிரவு ஏதென்ஸிலேயே தங்குவது நல்லது.

கேள்வி: இணையத்திலேயே எல்லாப் பாடமும் கிடைக்கும் காலத்தில், இதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா?
– ஆசிரியை, மயிலாப்பூர்

பதில்: போக வேண்டும் என்றே உறுதியாகச் சொல்வேன். விரிவுரை மட்டும்தான் வேண்டுமென்றால் இணையம் போதும். ஆனால் உறைவிடப் பயிலரங்கில் ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கி, ஒரே மேசையில் உண்டு, மாலையில் சேர்ந்து நடக்கிறார்கள். வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்ட சந்தேகத்தை, கட்டுரைகளில் பெயராக மட்டுமே அறிந்திருந்த ஓர் அறிஞரிடம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட முடிகிறது. தீவு என்பதால் எவரும் பாதியில் எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவதில்லை. மூலக்கூறு உயிரியல் பயிலரங்குகள் 1960-களிலிருந்தே ஸ்பெட்சஸை நாடி வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். நம் மலை நகரங்களிலும் பழம்பெரும் உறைவிடப் பள்ளிகள் உள்ளன. விடுமுறையில் காலியாகும் அவற்றின் விடுதிகளில் நம் பல்கலைக்கழகங்கள் இத்தகைய பயிலரங்குகளை நடத்தினால், கடல்கடந்து செல்ல வசதியில்லாத மாணவர்களுக்கும் அந்த வாய்ப்பு கிட்டும்.