மூன்று லட்ச ரூபாய் ஸ்பீக்கரா, வீட்டில் கட்டிய கிராஸ்ஓவரா?

கேள்வி இது: "கடையில் இரண்டு ஜோடி உயர்ரக ஸ்பீக்கர்களைக் கேட்டேன். மூன்று லட்ச ரூபாய் ஜோடிதான் தெளிவாக இருந்தது. அதையே வாங்கலாமா, நல்ல டிரைவர்களை வாங்கிக் கிராஸ்ஓவரை வீட்டிலேயே செய்தால் அந்தத் தரம் வருமா?" டிரைவர் என்றால் பெட்டிக்குள் ஒலியெழுப்பும் பாகம்; கீழ்ஸ்தாயியைப் பெரிய டிரைவரான வூஃபருக்கும் மேல்ஸ்தாயியைச் சின்ன டிரைவரான டிவீட்டருக்கும் பிரித்து அனுப்பும் மின்சுற்றுதான் கிராஸ்ஓவர். இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் "உங்கள் காதை நம்புங்கள்" என்பது. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குளிரூட்டப்பட்ட அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்திருப்பார்கள். விற்பனையாளர் இரண்டாவது ஜோடிக்கு மாற்றும்போது ரிமோட்டை லேசாகத் தொட்டிருப்பார். எல்லாக் கடையிலும் இப்படி என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். நான் போன ஒரு கடையில் என் கண்ணெதிரே நடந்தது. அவர் தொடவே இல்லை என்றாலும் கதை அதேதான். ஒரே வால்யூமில் 83 டெசிபல் உணர்திறன் (அதே மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்ற கணக்கு) உள்ள ஸ்பீக்கரும் 88 டெசிபல் உள்ளதும் ஒரே அளவு சத்தம் தரப்போவதில்லை. ஒலி ஒரு டெசிபல் கூடினால் சத்தம் கூடியதாக நமக்குத் தோன்றாது, தெளிவு கூடியதாகத்தான் தோன்றும். கண் வேறு குறுக்கே வரும். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவன ஊழியர்களையே உட்காரவைத்து, திரைக்குப் பின்னாலும் கண்ணுக்கு முன்னாலும் ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டே கேட்டபோது பெரிய, அழகான பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது, சிறிய மலிவான செட்டுக்கு இறங்கியது. தொழிலிலேயே இருப்பவர்களின் நிலை அது.

இனி என் கதை. கோயம்புத்தூரில் என் அலுவலக நண்பர் ஒருவர் பிரிட்டனில் செய்த சிறிய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வாங்கினார். வாங்கியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. என் வீட்டுக்கு வந்து, நான் கட்டிய பெட்டியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "காதால் கேட்க வேண்டியதை மீட்டரால் அளக்கிறீர்களே" என்றார். சரி, உங்கள் பெட்டியைக் கொண்டுவாருங்கள் என்றேன்.

என் பெட்டியில் ஆறரை அங்குல வூஃபர் ஒன்று, ஓர் அங்குல டிவீட்டர் ஒன்று. அதற்கு இரண்டு கிராஸ்ஓவர் பலகைகளை வேண்டுமென்றே கட்டி வைத்திருக்கிறேன். ஒன்று புத்தகச் சூத்திரப்படி: 8 ஓம், 2500 ஹெர்ட்ஸ் என்று போட்டால் வூஃபருக்கு 1 மில்லிஹென்றி காயில், 4 மைக்ரோஃபாரட் கேபாசிட்டர் என்று விடை வரும். மற்றது டிரைவர்களைப் பெட்டிக்குள் பொருத்தி, அளந்து வடிவமைத்தது. அதில் வூஃபர் காயில் 1.8 மில்லிஹென்றி, கேபாசிட்டர் 10 மைக்ரோஃபாரட்.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், சூத்திரம் வூஃபரை ஒரு ரெசிஸ்டர் என்று நினைத்துக்கொள்கிறது. லேபிளில் 8 ஓம் என்று போட்டிருக்கும் என் வூஃபர் மல்டிமீட்டரில் 5.8 ஓம் காட்டும். பெட்டிக்குள் அது இயல்பாக அதிரும் அதிர்வெண்ணில் 30 ஓமைத் தாண்டும். பிறகு இறங்கி, கூம்பை அசைக்கும் குரல்சுருளும் ஒரு காயில்தான் என்பதால், அதன் இண்டக்டன்ஸால் மேலே போகப் போக மறுபடியும் ஏறும். இதில் எந்த 8-ஐச் சூத்திரத்தில் போடுவது? டிரைவர்கள் பொருந்திய முன்பலகை வேறு இருக்கிறது. என் பெட்டியின் அகலம் 23 செ.மீ. சுமார் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி அந்தப் பலகையைச் சுற்றிப் பின்பக்கம் போய்விடுவதால் எதிரே இருப்பவருக்குக் கீழ்ஸ்தாயி இளைத்துவிடும். பெரிய காயில் நடுப்பகுதியைச் சற்று அடக்கி அதைச் சமன் செய்கிறது. டிவீட்டரையும் அதற்கேற்ப இரண்டு ரெசிஸ்டர்களால் இறக்க வேண்டும்.

காயிலுக்கு நான் போனது மோட்டார் காயில் கட்டும் கடைக்கு. பம்ப் செட் ஊரில் எனாமல் செம்புக் கம்பிக்கா பஞ்சம்? 18-ஆம் கேஜ் கேட்டேன். "எத்தனை எச்.பி. மோட்டாருக்கு?" என்றார் கடைக்காரர். விளக்கிச் சொன்னதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் எடையில் குறை வைக்கவில்லை. பி.வி.சி. குழாய்த் துண்டில் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றி, காயிலின் மதிப்பைக் காட்டும் எல்.சி.ஆர். மீட்டரில் மாட்டி, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துக்கொண்டே 1.80 வரும்வரை இறக்கினேன். கம்பி நுனியில் எனாமலைச் சுரண்டாமல் அளந்தால் மீட்டர் உளறும். பலகையில் வூஃபர் காயிலும் டிவீட்டர் காயிலும் அருகருகே ஒரே திசையில் படுக்கக் கூடாது. ஒன்றைப் படுக்கவைத்தால் மற்றதை நிமிர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதற்குள் புகும்.

சோதனை நாளில் ஹாலில் குறுக்கே கொடி கட்டி எட்டு முழ வேட்டியைத் தொங்கவிட்டேன். அவருடைய பெட்டி ஒன்று, என்னுடையது ஒன்று, அருகருகே. ஸ்டீரியோ இல்லை, ஒற்றை ஸ்பீக்கரில் குறை சீக்கிரம் தெரியும். எல்லா ஸ்தாயியும் கலந்த இரைச்சலான பிங்க் நாய்ஸ் போட்டு, உட்காரும் இடத்தில் மைக் வைத்து, சத்தத்தை அரை டெசிபலுக்குள் சமப்படுத்தினேன். கேட்டவர்கள் நண்பர், அவர் மனைவி, இளம் வயதில் மிருதங்கம் கற்ற என் மாமா. எது ஒலிக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆகவே இது ஆய்வுக்கூடச் சோதனை அல்ல. அதைச் சொல்லித்தான் மறுக்கப்போகிறீர்கள் என்றால் மறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தை, அதாவது இடக்கை அடிக்கும் கனத்த பக்கத்தை, கேட்டதுமே நண்பருடைய பெட்டியைப் பிடித்துவிட்டார். "இதில்தான் கும்கி குழறாமல் வருகிறது" என்றார், அந்தப் பக்கத்தின் குழையும் நாதத்தைச் சொல்லி. உண்மைதான், அந்தப் பெட்டியின் பாஸ் என்னுடையதைவிட இறுக்கம். வாய்ப்பாட்டில் எங்கள் பெட்டிகளை மூவராலும் உறுதியாகப் பிரிக்க முடியவில்லை. இடையில் நான் யாரிடமும் சொல்லாமல் புத்தகச் சூத்திரப் பலகைக்கு மாற்றி, சத்தத்தையும் திரும்பச் சமப்படுத்தினேன். வலக்கைப் பக்கமான வலந்தலையின் ஒவ்வொரு அடியும் தகரத்தில் விழுந்தது. நண்பர் முகம் சுளித்து, "இந்த மூன்றாவது மட்டமான பெட்டி எது?" என்றார். மூன்றாவது பெட்டி என்று ஒன்று இல்லை. அதே டிரைவர், அதே மரம். வேட்டியை விலக்கிக் காட்டியதும் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினார். அதன்பின் மீட்டரைப் பற்றி அவர் பேசுவதில்லை.

பி.பி.சி. பொறியாளர்கள் 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்ற சிறு ஸ்பீக்கர் இன்றும் கொண்டாடப்படுகிறது. அதிலிருந்த கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரும் டி27 டிவீட்டரும் ரகசியச் சரக்கு அல்ல, அன்று வீட்டில் கட்டுபவர்களும் வாங்கினார்கள். அந்தச் சிறு பெட்டிக்குள் மிரட்டுவது கிராஸ்ஓவர் பலகைதான். 1980களின் பிற்பாதியில் அந்தப் பலகையைத் திருத்தியபோது 15 ஓம் ஸ்பீக்கர் 11 ஓம் ஆனது. எது நல்லது என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. ஸ்பீக்கரை எங்கே வைக்கப்போகிறீர்கள்? இப்போது உள்ளலங்காரம் செய்பவர்கள் டி.வி. அலமாரியிலேயே ஸ்பீக்கருக்குப் பொந்து விட்டுவிடுகிறார்கள். பொந்துக்குள் தள்ளினால் முன்பலகைக் கணக்கு மொத்தமும் மாறிவிடும், மூன்று லட்சமும் குடத்துக்குள் பேசும்.

விஷயத்துக்கு வருகிறேன். மர வேலையும் சால்டரிங்கும் பிடிக்காதென்றால் மூன்று லட்சத்தையே கொடுத்துவிடுங்கள், நான் கேலி செய்யமாட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்க அனுமதிக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். செய்வதென்றால் முதல் செலவு ஒலியை அளக்கும் யு.எஸ்.பி. மைக், கேபாசிட்டர் அல்ல. அளக்க ரூம் ஈக்யூ விஸார்ட், வடிவமைக்க விட்யூக்ஸ்காட், இரண்டுமே இலவச மென்பொருள். ஹியூலெட் பேக்கார்டில் இருந்த பொறியாளர்கள் லிங்க்விட்ஸும் ரைலியும் 1976-இல் காட்டிய நான்காம் படி வளைவை (ஒவ்வொரு டிரைவரும் தன் எல்லையைத் தாண்டியதும் செங்குத்தாக இறங்கும் வளைவை) இலக்காக வையுங்கள். அது சரியாக அமைந்ததா என்று பார்க்க டிவீட்டரின் இரண்டு ஒயரைத் தலைகீழாக மாற்றி அளந்தால் போதும். சந்திக்கும் அதிர்வெண்ணில் வரைபடம் கிணறு மாதிரி ஆழமாகக் குழிய வேண்டும். குழியாவிட்டால் இரண்டு டிரைவர்களும் அங்கே ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஒரு கேபாசிட்டருக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். நான் போட்டது சாதாரண பாலிப்ரொப்பிலீன், இரண்டு பெட்டிக்குமான கிராஸ்ஓவர் பாகங்கள் எட்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தன.

டிரைவர் மாடல், பெட்டியின் வெளியளவு, மைக்கில் எடுத்த கோப்பு மூன்றையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். "நல்ல கிராஸ்ஓவர் சர்க்யூட் ஒன்று கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் என்னிடம் இல்லை.