கல்லறைத் தோட்டத்தில் லெட்டர்பாக்ஸ் தேடலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் கனெக்டிகட்டில் வசிக்கிறோம். பழைய ஒற்றை அறைப் பள்ளிக்கூடமும் அதை ஒட்டி ஒரு கல்லறைத் தோட்டமும் உள்ள இடத்தில் லெட்டர்பாக்ஸ் (குறிப்புகளைப் படித்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்காக, ரப்பர் ஸ்டாம்பும் நோட்டும் போட்டு ஒளித்துவைத்த பெட்டி) தேடுவதற்கான குறிப்பு கிடைத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு எட்டு வயது, பத்து வயது. கல்லறைகளுக்கு நடுவே தேடுவது தவறில்லையா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

பதில்: தாராளமாகப் போங்கள், பகல் வெளிச்சத்தில் போங்கள். பொறுப்புள்ள யாரும் பெட்டியைக் கல்லறை மேலோ கல்லை ஒட்டியோ ஒளித்துவைப்பதில்லை. குறிப்பு உங்களை ஒரு கல்லறைக் கல்லிடம் கூட்டிப்போனால், அதிலுள்ள வருடத்தையோ பெயரையோ படித்து அடுத்த கணக்கைப் போடுவதற்காகத்தான். பெட்டி பெரும்பாலும் எல்லையோர மரத்தடியிலோ வெளிப்பக்கப் புதரிலோ இருக்கும். ஆகவே கல்லைப் படியுங்கள். தொடவோ சாயவோ பிள்ளைகளை விடாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கனெக்டிகட் ஆற்றுப் பக்கத்துப் பழைய கல்லறைகளில் செம்பழுப்பு மணற்கல் நிறைய. வெளியே உறுதியாகத் தெரியும்; உள்ளே வெங்காயம் போல ஏடு ஏடாகப் பிரிந்திருக்கும். ஒரு ஏடு விழுந்தால் அதிலிருந்த பெயரும் போய்விடும். எழுத்து மங்கலாக இருந்தால் சாக்பீஸோ ஷேவிங் கிரீமோ பூச வேண்டாம், காகிதம் வைத்துத் தேய்க்கவும் வேண்டாம். ஒரு கைக்கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் கல்லின் மேல் பாய்ச்சுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். பிள்ளைகளை அந்த இடத்தை விட்டுக் கிளப்புவதே கஷ்டமாகிவிடும்!

பள்ளிக்கூடத்துக்கும் இதே கவனம் வேண்டும். கனெக்டிகட்டின் ஈஸ்ட் ஹாடம் ஊரில், பின்னாளில் அமெரிக்க விடுதலைப் போரில் வீரரான நேதன் ஹேல் 1773–74 குளிர்காலத்தில் பாடம் நடத்திய ஒற்றை அறைப் பள்ளி இன்றும் நிற்கிறது. 1776இல் ஆங்கிலேயர் அவரை ஒற்றன் என்று தூக்கிலிட்டபோது அவருக்கு வயது 21. இப்படிப்பட்ட கட்டடங்களில் பலகையை நெம்புவதும் அஸ்திவாரக் கல்லை அசைப்பதும் வேண்டவே வேண்டாம். குறிப்பு அப்படித்தான் சொல்கிறது என்று தோன்றினால், நீங்கள் அதைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

சரி, கொண்டுபோக வேண்டியவை: காம்பஸ், கோடில்லாத நோட்டு, பேனா, ஸ்டாம்ப் பேட், உங்கள் குடும்பத்துக்கென்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப். பெட்டியிலுள்ள ஸ்டாம்பை உங்கள் நோட்டில் பதிக்க வேண்டும், உங்களுடையதைப் பெட்டியிலுள்ள நோட்டில் பதிக்க வேண்டும். இங்கிலாந்தின் டார்ட்மூரில் 1854இல் ஒரு வழிகாட்டி, வருபவர்கள் தங்கள் அட்டையைப் போட்டுவிட்டுப் போகப் பாட்டில் வைத்ததிலிருந்து வளர்ந்த பழக்கம் இது.

ஸ்டாம்பைக் கடையில் வாங்காதீர்கள், பிள்ளைகளே படம் போடட்டும். மென்மையான பென்சிலால் மெல்லிய தாளில் வரைந்து, அதைச் செதுக்கப்போகும் ரப்பர் துண்டின் மேல் கவிழ்த்து அழுத்தித் தேய்த்தால் படம் தானாகவே இடவலம் மாறிப் பதியும். அச்சில் நேராக வரும். செதுக்குவதை மட்டும் நீங்கள் செய்யுங்கள்.

முழுக்கால் பேன்ட் போட்டு, அதன் விளிம்பைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். உண்ணியால் பரவும் லைம் நோய்க்குப் பெயர் தந்த ஊர் ஈஸ்ட் ஹாடமுக்குப் பக்கத்து ஊர்தான். வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம், தலைமுடி எல்லாவற்றையும் பாருங்கள்.

பெட்டி கிடைத்தால் சற்றுத் தள்ளிப்போய்த் திறந்து, முத்திரை பதித்து, ஈரம் புகாதபடி மூடி அதே இடத்தில் வையுங்கள். கிடைக்காவிட்டால் எதையும் கிளறாமல் திரும்பி வந்து, பெட்டி வைத்தவருக்குத் தெரியப்படுத்துங்கள். அங்கே நீங்களும் ஒன்று வைக்க விரும்பினால், முதலில் அந்த இடத்தைப் பராமரிப்பவர்களிடம் அனுமதி கேளுங்கள்.