இஸ்திரி போட்ட சட்டை

கேள்வி: பினாங்கு, ஜெலுத்தோங்கில் குடியிருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் 24 வருடமாக வேலை, இப்போது சூப்பர்வைசர். ஒரே மகன், 20 வயது. பாலிடெக்னிக்கில் சேர்த்தேன், பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டான். எட்டு மாதமாக அறையே கதி. மனைவி மூடி வைக்கும் சோற்றை நடுச்சாமத்தில் எழுந்து தின்கிறான். அண்மையில் வேலையிடத்தில் ஒரு பயிற்சி நடந்தது. மாஸ்லோவின் பிரமிட் என்று ஒரு படம் காட்டினார்கள். அடியில் வயிற்றுப்பாடு, அதற்கு மேல் பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, உச்சியில் தன் திறமை முழுதும் வெளிப்படுவது. கீழே நிறைந்தால் மனிதன் தானாக மேலே ஏறுவானாம். ஏர்கோன் அறை, மோட்டார் சைக்கிள், நல்ல கைப்பேசி எல்லாம் கொடுத்திருக்கிறேன். வீட்டில் ஒரு வேலை வைப்பதில்லை. அப்படியும் ஏன் ஊக்கமே இல்லை? போன மாதம் சுங்கை பட்டாணியில் என் தம்பி மகள் கல்யாணம். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வைத்திருந்தான், நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்று நான்தான் விட்டுவிட்டுப் போனேன். அடுத்த மாதம் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார்கள். அதற்குள் இவனுக்கு எப்படி ஊக்கம் கொடுப்பது?

பதில்: ஐயா, ஏர்கோன், மோட்டார், கைப்பேசி எல்லாவற்றையும் கடந்து வந்து அந்தச் சட்டையில் நின்றுவிட்டேன். நீங்கள் அதை அரை வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை.

எட்டு மாதமாக அறையே கதி என்று கிடந்த பிள்ளை அன்றைக்கு எழுந்திருக்கிறான். இஸ்திரிப் பெட்டியைத் தேடி எடுத்திருக்கிறான். காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்திருப்பான், கையில் மடிப்பு விழுந்தால் தண்ணீர் தெளித்து மறுபடி தேய்த்திருப்பான். யாரும் ஏவவில்லை. ஊக்கம் எங்கே என்று என்னைக் கேட்கிறீர்களே, அது அன்று காலை உங்கள் வீட்டு ஹாலில் குளித்துத் தலைவாரி நின்றது. நீங்கள் காரை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போய்விட்டீர்கள்.

தம்பி மகள் என்றால் அவனுக்கு உடன்பிறந்தவள் முறை. கல்யாண வீட்டில் அவன் வயசுப் பையனுக்கு எத்தனை வேலை! வாசலில் சந்தனம் நீட்ட வேண்டும், பந்தியில் தண்ணீர் ஊற்ற வேண்டும், மாப்பிள்ளை வீட்டாருக்குக் கார் நிறுத்த இடம் காட்ட வேண்டும். படிப்பை விட்டவன் சந்தனக் கிண்ணம் தூக்கக்கூடாது என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?

நாலு பேர் கேட்பார்கள் என்கிறீர்கள். அந்த நாலு பேருக்குப் பயந்தது அவனா, நீங்களா? உங்கள் படத்தையே வைத்துச் சொல்கிறேன். நான்காவது தட்டில் இருக்கும் மதிப்பு உங்களுடையது. அதைக் காப்பாற்றிக்கொள்ள அவனுடைய மூன்றாவது தட்டை உருவிவிட்டீர்கள். உருவிவிட்டு, ஏன் இவன் மேலே ஏறவில்லை என்று எனக்குக் கடிதம்.

பயிற்சியில் என்ன சொன்னார்களோ, உளவியல் அறிஞர் ஆப்ரஹாம் மாஸ்லோ 1943இல் எழுதிய அந்தக் கட்டுரையில் பிரமிடே கிடையாது. அது பின்னால் நிர்வாகப் பாடம் நடத்தியவர்கள் கைவண்ணம். ஒரு படி முழுக்க நிறைந்த பிறகுதான் அடுத்த படி என்றும் அவர் சொல்லவில்லை. சராசரி ஆளுக்கு வயிற்றுத் தேவை 85 விழுக்காடு, பாதுகாப்பு 70, அன்பு 50, மதிப்பு 40, திறமை வெளிப்படுவது 10 என்று நிறைந்திருக்கலாம் என்று எண்கள் போட்டுக் காட்டினார். அளந்து கண்டதல்ல, விளக்கத்துக்காகப் போட்டது. எல்லாத் தேவையும் அரைகுறையாக ஒன்றாகத்தான் ஓடும் என்பது அதன் பொருள். அவர் சொன்ன இன்னொன்று உங்களுக்கு இன்னும் முக்கியம்: தீர்ந்துபோன தேவை மனிதனை உந்தாது. குளிரில் படுத்திருப்பவனை இன்னொரு ஏர்கோன் எழுப்பாது, ஐயா.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். நம் தோட்டத்து ஆட்களுக்கு எல்லாமே பறந்துவிடவில்லையே. ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, லயத்து வரிசை வீடுகளைவிட்டு ஜனங்கள் வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் சொற்பக் கூலியில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள், அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. வயிறு நிறைந்த பிறகா கட்டினார்கள்? இது நம்முடையது, இதில் நமக்கும் ஒரு பங்கு என்ற நினைப்புத்தான் கட்ட வைத்தது.

உங்கள் வீட்டில் உங்கள் மகனுக்கு என்ன பங்கு? ‘ஒரு வேலை வைப்பதில்லை’ என்று பெருமையாக எழுதுகிறீர்கள். எனக்கு இதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. வேலை வைக்காமல் சோறு போடுவது விருந்தாளிக்கு. அந்த விருந்தாளியையும் நாலு பேர் கண்ணில் காட்ட மாட்டீர்கள். அப்படியானால் அவன் யார்? மூடி வைத்த சோற்றை யாரும் பார்க்காத நேரத்தில் வந்து தின்பவன், தான் இந்த வீட்டு ஆள்தானா என்று சந்தேகப்படுகிறவன். நடுச்சாமத்தில் அடுப்படிக்குப் போய் அந்த மூடியைத் திறந்து பாருங்கள், ஆறிப்போன சோறு எப்படி இருக்கும் என்று தெரியும்.

அவனையும் நான் விடப்போவதில்லை. 20 வயதில் பெற்றவள் கையால் மூடி வைத்த சோறு தின்பவன், அவள் வேலை முடிந்து வருமுன் உலை வைக்க வேண்டும். மின்சார பில் கட்டுவது, பாட்டி இருந்தால் மருந்து வாங்கி வருவது எல்லாம் இனி அவன் பொறுப்பு. மறந்தால் திட்டுங்கள், ஆனால் நீங்கள் எடுத்துச் செய்யாதீர்கள். தூக்கமும் சாப்பாடும் அடியோடு கெட்டுப்போயிருந்தால் கூச்சப்படாமல் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். டாக்டர் பார்க்க வேண்டியதை நானோ அந்தப் பயிற்சிக்காரரோ பார்க்க முடியாது.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று பாக்கி இருக்கிறது. அவன் அறைக் கதவைத் தட்டி, “அன்றைக்கு உன்னை விட்டுட்டுப் போனது என் தப்புப்பா” என்று சொல்லுங்கள். பெற்ற அப்பன் பிள்ளையிடம் போய்ச் சொல்வதா என்று தோன்றும். சொல்லுங்கள். உடனே அவன் கட்டிக்கொண்டு அழுவான் என்று நினைக்காதீர்கள், கதவைத் திறக்காமலே ‘ம்’ என்பான். அது போதும். தட்டிய கையோடு ‘இனிமே ஒழுங்கா இரு’ என்று ஆரம்பித்துவிட வேண்டாம்.

விருந்தன்று வாழையிலை வாங்க ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்கு அவனை அனுப்புங்கள். அவனிடம் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அவனுக்கு மாப்பிள்ளை பக்கத்தில் இலை போடுங்கள். ரசத்துக்கு வருமுன் மாப்பிள்ளை கேட்பார், “தம்பி என்ன செய்றீங்க?” என்று. நீங்கள் முந்திக்கொண்டு வாயைத் திறக்காதீர்கள். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போங்கள்.