ஊர்ப் பொருட்களுக்கு ஒரு அறை: கேள்வி பதில்

சொந்த ஊரில் சின்னதாக ஒரு அருங்காட்சியகம் வைக்க நினைப்பவர்கள் கேட்டவற்றில் சில இங்கே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (சிவகங்கைப் பக்கம்): பூட்டிக் கிடக்கும் பழைய பள்ளிக் கட்டடத்தைத் தருவதாகப் பஞ்சாயத்துத் தலைவர் சொல்லியிருக்கிறார். கண்ணாடி அலமாரிகளுக்கே பெரிய தொகை ஆகும்போல. எங்கே தொடங்குவது, ஐயா?

அலமாரியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கடைக்குப் போய் கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். அருங்காட்சியகம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். 2025-இல் வந்த பதினான்காவது பொருள் என்றால் 2025.14. அந்த எண்ணுக்கு எதிரே யார் கொடுத்தது, யார் வைத்திருந்தது, எந்தக் காட்டில் அல்லது எந்த வீட்டில் புழங்கியது, எப்போது கைவிட்டார்கள், ஊரில் அதற்கு என்ன பெயர் என்று எழுதுங்கள். நன்கொடையா, இரவலா என்று தெளிவாகக் குறித்து, கொடுத்தவரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். நாளைக்குப் பேரன் வந்து "எங்க தாத்தா பெட்டி" என்று நிற்கும்போது அந்தக் கையெழுத்துதான் பேசும்.

இந்த விவரம் இல்லாத பொருளுக்கும் காயலான் கடைச் சரக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "பழங்கால மரக்கால்" என்று அட்டை எழுதி வைத்தால் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். "களத்தில் கூலி நெல் அளந்த மரக்கால். 8 படி கொள்ளவேண்டியது, உள்ளே அடித்தட்டு ஏற்றி வைத்திருப்பதால் அதைவிடக் குறைவாகத்தான் கொள்ளும்" என்று எழுதிப் பாருங்கள், கூட்டம் அங்கேதான் நிற்கும். அதற்கு முதலில் நீங்கள் ஒருமுறை நெல்லைக் கொட்டி அளந்திருக்கவேண்டும்!

கட்டட விஷயத்தில் தலைவரின் வாய்வார்த்தை போதாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராமசபை கூடுமே, அதில் தீர்மானமாகப் போட்டு நகல் வாங்குங்கள். தலைவர் மாறுவார், தீர்மானம் இருக்கும். ஒரு மழைக்காலம் முடியும்வரை ஓடு எங்கே ஒழுகுகிறது, கறையான் எந்தச் சுவரில் ஏறுகிறது என்று பார்த்துவிட்டுப் பொருட்களை உள்ளே கொண்டுபோங்கள்.

கேள்வி (திருச்செந்தூர் பக்கம்): எந்த ஊரில் பார்த்தாலும் அதே அம்மி, உரல், திருகை, பல்லாங்குழி. எங்கள் ஊரில் மட்டும் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது?

உங்கள் பக்கத்தில் பனை இருக்கிறதே! பனையேறியின் தளவாடங்களை ஒரு முழு வரிசையாகத் திரட்டுங்கள். காலில் மாட்டும் தளைநார், மரத்தில் சாய்த்து ஏறும் முருக்குத்தடி, இடுப்பில் கட்டும் அருவாப்பெட்டி, அதற்குள் பாளை சீவும் அரிவாள், பாளையை நசுக்கும் கடிப்பு, பதநீர் புளிக்காமல் இருக்க உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயம், கீழே வந்தால் காய்ச்சும் தாச்சி, கருப்பட்டி ஊற்றும் சிரட்டை. இத்தனையும் ஒன்றாக இருந்தால், விடியுமுன் மரம் ஏறியதிலிருந்து கருப்பட்டி சிப்பத்தில் ஏறும்வரை ஒரு வேலை முழுதாகக் கண்முன் நிற்கும்.

ஒரு அம்மியை வைப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உங்கள் ஊர் எதை வைத்துப் பிழைத்தது என்று பாருங்கள். கிணற்றுப் பாசன ஊராக இருந்தால் மாடு பூட்டி நீர் இறைத்த கமலையின் சால், தோல் தும்பி, வடம், வால்கயிறு, உருளை. நெசவு ஊராக இருந்தால் தறிக்குழியோடு தறி. ஊருக்குள் உரல் நூறு கிடைத்தால் ஒன்று போதும், மிச்சத்தை அன்போடு மறுத்துவிடுங்கள். அதை முகம் கோணாமல் சொல்வதும் ஒரு கலை.

கேள்வி: பித்தளைப் பாத்திரங்கள் கறுத்துப்போய் வருகின்றன. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தால்தானே அழகு?

வீட்டுப் பூசைக்குச் சரி, இங்கே வேண்டாம். சீர் வரிசைப் பாத்திரங்களின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். சிலவற்றில் தேதியும் இருக்கும். எந்த வீட்டுப் பெண், எந்த வருடம் கல்யாணமாகி வந்தாள் என்பதற்கு அந்தப் புள்ளிகள்தான் சாட்சி. புளியும் சாம்பலும் ஒவ்வொரு தேய்ப்பிலும் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசி துடைத்தால் போதும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும். பழைய காசுகளுக்கும் இதேதான்.

கேள்வி: கூடை, முறம், மரச்சாமான் எல்லாம் உளுத்துக் கொட்டுகின்றன. என்ன மருந்து அடிக்கலாம்?

அடியில் புதிதாக மாவு உதிர்ந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று பொருள். மருந்தைவிடக் குளிர் நல்லது. பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் சுற்றி, −20 டிகிரிக்குக் குளிரும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். ஐஸ்கிரீம் மொத்த வியாபாரியோ மீன் வியாபாரியோ தெரிந்தவராக இருந்தால் இடம் கிடைக்கும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே விட்டு, குளிர் முழுதாக இறங்கிய பிறகு பிரித்தால் பொருளில் ஈரம் கோக்காது. சாயம் பூசிய பொருளை மட்டும் இப்படிச் செய்யவேண்டாம்.

கேள்வி (தஞ்சாவூர் பக்கம்): பாட்டி வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு கிடைத்தது. யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

கூடாது. தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். சுவடிக்குப் பழகிய எண்ணெய், எலுமிச்சம்புல் எண்ணெய். அதையும் நீங்களாகத் தடவாமல் பழக்கமுள்ளவரிடம் விடுங்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளை நகத்தால் பிரிக்கவேண்டாம். கட்டின் வரிசை கலையாமல், சுத்தமான வெள்ளைத் துணியில் சுற்றி, பக்கத்தில் வசம்புத் துண்டு போட்டு வையுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது. சென்னை என்றால் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம்.

புது சங்க இலக்கியம் கிடைத்துவிட்டதாக யாரும் கனவு காணவேண்டாம். பெரும்பாலும் வைத்தியம், ஜாதகம், அம்மானைக் கதைப்பாடல், நிலக்கணக்குதான் வரும். என்னைக் கேட்டால் அந்த நிலக்கணக்குதான் பொக்கிஷம். மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்று பின்னம் பின்னமாக எழுதியதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் கிடைத்தால், யாரிடம் எவ்வளவு நிலம் இருந்தது என்று தெரிந்துவிடும். சில வீடுகளில் சங்கடமும் வரும்.

கேள்வி: கர்ணம் (பழைய ஊர்க் கணக்கர்) வீட்டில் மூட்டை மூட்டையாகப் பழைய காகிதம் இருக்கிறதாம். அதில் ஏதாவது தேறுமா?

கட்டாயம் போய்ப் பாருங்கள். 1980-இல் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தபோது அரசுப் பதிவேடுகள் கைமாறியிருக்கவேண்டும். ஆனால் நகல்கள், கடிதங்கள், கைக்கணக்குகள் பல வீடுகளில் தங்கிவிட்டன. அரசு முத்திரையுள்ள மூலப் பதிவேடு ஏதாவது கிடைத்தால் உங்களிடம் வைத்துக்கொள்ளாமல் படம் மட்டும் எடுத்துவிட்டு வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள்.

கூடவே கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், திருவிழா வரவு செலவு என்று எதையும் விடாதீர்கள். கோட்டையூரில் இருந்துகொண்டு ரோஜா முத்தையா அப்படித்தான் நூல்களோடு துண்டுக் காகிதங்களையும் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தார். அந்தச் சேகரத்தை வைத்து 1994-இல் சென்னையில் உருவான நூலகத்தைத்தான் இன்று ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போகிறார்கள்.

கேள்வி: வீட்டுக்கு வானம் தோண்டும்போது பெரிய பானையும் உள்ளே எலும்பும் தென்பட்டன. எடுத்துக் காட்சிக்கு வைக்கலாமா?

தொடாதீர்கள். அது முதுமக்கள் தாழியாக, அதாவது பழங்காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பானையாக இருக்கலாம். வேலையை நிறுத்தி, இருந்த இடத்திலேயே பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். மண்ணில் கிடைத்த மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம். அதில் உள்ள வரம்பு வெறும் பத்து ரூபாய்!

சட்டத்தை விடுங்கள். தாழி எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதில்தான் பாதிச் செய்தி இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி எடுத்த பொருட்கள் பெர்லினுக்குப் போய்விட்டன. இப்போது அதே ஆதிச்சநல்லூரில் குழிக்கு மேலே கண்ணாடி போட்டுத் தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மான் கொம்பு, நாட்டுத் துப்பாக்கி எல்லாம் கொடுக்க முன்வருகிறார்கள்.

இரண்டையும் வாங்காதீர்கள். முதலாவது வனவிலங்குச் சட்டம், இரண்டாவது ஆயுதச் சட்டம். படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஒரு சகோதரி): இப்படி வைக்கும் காட்சியகங்களில் பெரிய வீட்டு ஊஞ்சலும் வெற்றிலைப் பெட்டியும்தான் இருக்கின்றன. எங்கள் தெருப் பொருள் ஒன்றுகூட இல்லை. கேட்டால் "நீங்கள் கொடுத்தால் வைக்கிறோம்" என்கிறார்கள்.

நீங்கள் கேட்டது நியாயம். அந்தப் பதில் சாக்கு. பெரிய வீடுகளில் பரண் இருந்தது, பொருள் தங்கியது. ஒற்றைக் குடிசையில் மண்வெட்டி தேய்ந்தால் அதை அடித்து வேறொன்று செய்வார்கள், எதுவும் மிஞ்சாது. அதனால் சேகரிப்பவர்தான் உங்கள் தெருவுக்கு வந்து உட்காரவேண்டும். நாற்று முடி கட்டியவர், மடை திறந்த நீர்க்கட்டி, பறை இழுத்துக் கட்டத் தெரிந்தவர் ஆகியோரின் பேச்சையே பதிவுசெய்து காட்சியில் வைக்கலாம். டீக்கடையில் உங்கள் தெருக்காரர்களுக்கென்று ஒதுக்கிய தனிக்குவளை எங்காவது மிஞ்சியிருந்தால் அதையும் வைக்கவேண்டும் என்பது என் கட்சி. அதற்கு அட்டை எழுதுவதை உங்கள் தெருவிடம் விட்டுவிடவேண்டும். காட்சியகக் குழுவில் உங்கள் தெருவிலிருந்து இரண்டு பேராவது இல்லை என்றால் பொருள் கொடுக்காதீர்கள், இரவலாகக்கூட.

கேள்வி: பெரியவர்களிடம் "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

கேள்வி அப்படி, பதிலும் அப்படி. கையில் ஒரு பொருளைக் கொடுத்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் கண்மாய்க் கரையில் கூட்டிக்கொண்டு நடங்கள். ஒவ்வொரு மடைக்கும் வயலுக்கும் பெயர் வந்துகொண்டே இருக்கும், பின்னாலேயே சண்டைகளும் வரும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, சட்டைப் பைக்குப் பக்கத்தில் வைத்துப் பதியுங்கள். யார், எந்தத் தேதி, எந்த இடம் என்பதைத் தொடக்கத்தில் குரலாகவே சொல்லிவிடுங்கள். எதை வெளியே போடலாம், எது வேண்டாம் என்று முடிவில் அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: பழைய போட்டோக்களை லேமினேட் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம், திரும்ப எடுக்க முடியாது. செலோடேப்பும் ஆகாது. ஸ்கேன் செய்த பிரதியைச் சுவரில் மாட்டுங்கள். அசல் காகித உறையில் இருக்கட்டும். பெயர்களைப் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்.

கேள்வி: திறப்பு விழாவுக்கு ஊரே வரும். அப்புறம் யார் திறப்பது?

தினமும் திறக்க நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை, திருவிழா நாட்கள், பள்ளிப் பிள்ளைகள் கேட்கும் நாள் என்று வையுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். வெளியூரில் இருக்கும் ஒருவரிடம் பதிவேட்டின் ஸ்கேன் இருக்கட்டும். ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்துகொள்ளலாம். துணை விதியில் பலரும் எழுத மறக்கும் ஒன்று உண்டு. சங்கம் கலைந்தால் இரவல் பொருட்கள் அவரவருக்கே போகவேண்டும், நன்கொடைப் பொருட்கள் மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கோ வேறொரு ஊர்க் காட்சியகத்துக்கோ போகவேண்டும், தனியார் கைக்குப் போகக்கூடாது என்று எழுதுங்கள். வாங்குவார்களா என்று அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பதும் நல்லது.