கடிதம்: 2021இன் பத்துப் புத்தகங்கள்

அன்புள்ள ஐயா,

பொதுமுடக்கத்தில் கிடைத்த நேரத்தில்தான் இலக்கியம் பக்கம் வந்தேன். முடிந்த 2021இல் வெளியான தமிழ் நூல்களில் தவறவிடக் கூடாத பத்தைச் சொல்ல முடியுமா? இந்த ஆண்டில் இறந்த கி.ரா.வோடு (கி. ராஜநாராயணன்) எல்லாம் முடிந்துவிட்டது, இனி பெரிதாக ஒன்றும் வராது என்கிறார் என் நண்பர். உண்மையா? அம்பைக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவித்திருக்கிறார்கள். தாமதம் என்றாலும் மகிழ்ச்சிதானே? அடுத்து யாருக்குக் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றை வெட்கத்தோடு சொல்கிறேன். எழுத்தாளர் ஆ. மாதவன், கவிஞர் ஃபிரான்சிஸ் கிருபா ஆகிய பெயர்களையே இறப்புச் செய்தியில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரி இல்லையென்றால் பதில் எழுதியிருக்க மாட்டேன். சில வாரங்களாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. வாசிக்கத் தொடங்கி ஓராண்டு ஆன ஒருவருக்கு மாதவனைத் தெரியாமல் போனது அவர் குற்றம் அல்ல. ஆனால் பெயரைக் கேள்விப்பட்ட பிறகு அவருடைய ஒரு கதையையாவது தேடிப் படித்தீர்களா? கடிதத்தில் அது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைப் படிக்காமல், புதிதாகப் பத்துப் பெயர்களை எதற்குக் கேட்கிறீர்கள்?

அடுத்த விருது யாருக்கு என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். அதில் எனக்கு ஆர்வம் இல்லை. உங்கள் நண்பரின் கருத்துக்கும் பதில் சொல்லப் போவதில்லை. எல்லாம் முடிந்தது என்பவர்கள் பெரும்பாலும் எதையும் தொடங்காதவர்கள்.

விருதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2021க்கான விருது என்றால் அது 2021இல் வந்த நூலுக்கு என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. விருது ஆண்டையும் அதற்கு முந்தைய ஆண்டையும் விட்டுவிட்டு, அதற்கும் முன்னால் உள்ள ஐந்து ஆண்டுகளில் முதல் பதிப்பாக வந்த நூல்களைத்தான் அகாதெமி பரிசீலிக்கும். அதாவது 2015 முதல் 2019 வரை. அம்பையின் ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’ 2019இல் வந்தது. அவருடைய ‘சிறகுகள் முறியும்’ தொகுப்பு வந்த ஆண்டு 1976. ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ 1988. தமிழ்ச் சிறுகதையில் ஒரு பெண் எதைப் பேசலாம் என்ற எல்லையையே மாற்றிய கதைகள் அவை. அப்படியொரு கால வளையத்துக்குள் அவை எப்போதோ வந்தன, கடந்தும் போயின. யாரும் கை நீட்டவில்லை.

இப்படிப்பட்ட விதியால் தமிழில் நடந்ததைப் பாருங்கள். தி. ஜானகிராமனுக்கு 1979இல் கொடுத்தார்கள். ‘மோகமுள்’ளுக்கு அல்ல, ‘அம்மா வந்தாள்’ நாவலுக்கும் அல்ல, ‘சக்தி வைத்தியம்’ என்ற சிறுகதைத் தொகுப்புக்கு. லா.ச. ராமாமிர்தத்துக்கு 1989இல், அவருடைய கதைகளுக்கு அல்ல, ‘சிந்தாநதி’ என்ற நினைவுக் குறிப்புகளுக்கு. அசோகமித்திரனுக்கு 1996இல் ‘அப்பாவின் சிநேகிதர்’ தொகுப்புக்கு. அவருடைய ‘தண்ணீர்’, ‘18வது அட்சக்கோடு’ நாவல்கள் எல்லாம் எப்போதோ வந்துவிட்டிருந்தன. ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை வைத்துக்கொண்டு, அந்தத் தெருவின் சுமைதூக்கிகளையும் திருடர்களையும் பிச்சைக்காரர்களையும் வாழ்நாள் முழுக்க எழுதியவர். அவருக்கு 2015இல் கொடுத்தார்கள். எதற்கு? ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரைத் தொகுப்புக்கு. அந்த வளையத்துக்குள் அகப்பட்டது அந்த நூல். விருதுபெற்ற நூலை வாங்கி அவரைப் படிக்கத் தொடங்குகிற ஒரு இளைஞனுக்கு அவருடைய ‘கிருஷ்ணப் பருந்து’ நாவல் எப்படித் தெரியும்? விருதுப் பட்டியலை வைத்துத் தமிழ் இலக்கியத்தைப் படிக்கிறவன் ஒவ்வொரு எழுத்தாளரிடமும் தவறான வாசல் வழியாகத்தான் நுழைகிறான். சுந்தர ராமசாமி, நகுலன், ப. சிங்காரம் வீடுகளுக்கு அவனால் போகவே முடியாது. அவர்களுக்கு அந்த விருது கொடுக்கப்படவே இல்லை.

தாமதம் என்றாலும் மகிழ்ச்சிதானே என்கிறீர்கள். எனக்கு மகிழ்ச்சிதான். அன்று மாலை நண்பர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆனால் தாமதம் என்ற சொல்லை அவ்வளவு எளிதாகக் கடந்துபோகாதீர்கள். 1955இலிருந்து கொடுக்கப்படும் விருது இது. தமிழில் 2021 வரை பெற்ற பெண்கள்: 1973இல் ராஜம் கிருஷ்ணன், 1984இல் லக்ஷ்மி, 2005இல் திலகவதி, 2021இல் அம்பை. நான்கே பேர். இந்த அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் பெண்கள் எழுதாமலா இருந்தார்கள்?

இடைசெவல் என்ற ஒரே ஊரிலிருந்து வந்த இரண்டு நண்பர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கு. அழகிரிசாமி 1970 ஜூலையில் இறந்தார், அந்த ஆண்டின் விருது ‘அன்பளிப்பு’க்கு என்று அவர் போன பிறகு அறிவித்தார்கள். கி.ரா. தன் முப்பத்தைந்து வயதுவாக்கில் எழுத வந்து, 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு வாங்கினார். ஒருவர் நெடுநாள் இருந்தார், இன்னொருவருக்கு ஆயுள் இல்லை. வேறென்ன சொல்ல?

கி.ரா. போனது 2021 மே 17, 98 வயதில். கொரோனா இரண்டாம் அலையின் உச்சம். ஒரு தொலைக்காட்சியிலிருந்து கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். என்ன விருது, எந்த ஆண்டு, கரிசல் என்ற சொல்லை ஒரு முறை சொல்லுங்கள், அது போதும் என்றார் அந்தத் தம்பி. அவருடைய எந்தக் கதையைப் படித்திருக்கிறாய் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். நேரமில்லை சார் என்றார். நான் பேசவில்லை.

அந்த வாரம் என் பெரியம்மா எங்களோடு இருந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர், கண்பார்வை மங்கிவிட்டது. சும்மா இருக்கிறோமே என்று அவருக்குக் கி.ரா.வின் ‘கதவு’ கதையை வாசித்துக் காட்டினேன். அதில் ஒரு ஏழை வீட்டுக் கதவில் தொற்றிப் பிள்ளைகள் பஸ் விளையாட்டு ஆடுவார்கள். தீர்வை (நிலவரி) பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பாதி வாசிக்கும்போதே பெரியம்மா நிறுத்தினார். “எங்க வீட்ல அண்டாவத் தூக்கிட்டுப் போனாங்கடா. ஐயா வாசல்லயே நின்னாரு, வாயத் தெறக்கல” என்றார். அவருடைய அப்பாவைப் பற்றி அந்த ஒரு செய்தியை அதற்கு முன் யாரிடமும் அவர் சொன்னதில்லை. என் அம்மாவுக்கே தெரியாது. பிறகு கதையை முடிக்கச் சொன்னார். கதவு இல்லாத வீட்டில் குளிர்காற்று பட்டுக் கைக்குழந்தை செத்துப்போகிற இடம் வந்ததும், “ஆமா, அப்படித்தான் போகும்” என்றார். மறுநாள் காலையில் காபியோடு வந்து உட்கார்ந்து, அடுத்த கதை எது என்று கேட்டார்.

ம., அது 1950களின் இறுதியில் எழுதப்பட்ட கதை. என் பெரியம்மாவுக்கு அது 2021இல்தான் வெளியானது. அந்த ஆண்டில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே புதிய படைப்பும் அதுதான். ஆண்டின் சிறந்த பத்து என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். ஜனவரியில் நடக்க வேண்டிய சென்னைப் புத்தகக் காட்சியே 2021இல் பிப்ரவரி இறுதியில்தான் தொடங்கியது. அங்கே வாங்கியவற்றில் பாதியை நான் இன்னும் பிரிக்கவில்லை. பன்னிரண்டு மாதத்துக்குள் பத்து நூல்களைத் தேர்ந்தெடுத்து அறிவிப்பவர்கள் எப்போது படித்தார்கள், எப்போது அசைபோட்டார்கள்?

இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டின் ஆண்டிறுதிப் பட்டியல்களில் அநேகமாக அவர் இல்லை: ஈழத்து எழுத்தாளர் டொமினிக் ஜீவா. 2021 ஜனவரி 28 அன்று கொழும்பில் இறந்தார். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் கடையில் வேலை செய்துகொண்டே எழுதியவர். அங்கிருந்துதான் 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கினார். போருக்கு நடுவிலும் அதை நடத்தினார், நானூறு இதழ்களுக்கு மேல். கையில் சுமந்துகொண்டு போய் விற்றார். ஈழத்தின் எத்தனையோ எழுத்தாளர்களுக்கு முதல் கதை அச்சேறிய இடம் அது. எழுதியவனையே மறக்கிற நாம் இதழ் நடத்தியவனை எங்கே நினைவில் வைக்கப் போகிறோம்? இப்படிப்பட்டவர்கள் இல்லாமல் அம்பையும் இல்லை, கி.ரா.வும் இல்லை. கி.ரா.வின் முதல் கதை வந்ததும் ‘சரஸ்வதி’ என்ற ஒரு சிற்றிதழில்தான்.

கிருபாவைப் பற்றி இப்போது எழுதத் தெம்பில்லை. இன்னொரு நாள் எழுதுகிறேன். நீங்கள் அவருடைய ‘கன்னி’ நாவலை வாசியுங்கள், அவசரப்படாமல்.

சரி, பட்டியல் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போக வேண்டாம். முதலில் மாதவனின் ‘கடைத்தெருக் கதைகள்’. அப்புறம் ‘கிருஷ்ணப் பருந்து’. கடையில் கிடைக்கவில்லை என்றால் நூலகத்தில் கேளுங்கள், அங்கும் இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள், என் பிரதியை அனுப்புகிறேன், திருப்பித் தர வேண்டும். அம்பையை விருதுபெற்ற நூலிலிருந்து தொடங்க வேண்டாம், ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யிலிருந்து தொடங்குங்கள். இவற்றை முடிக்கும்வரை 2021இல் என்ன வந்தது என்று யாரிடமும் கேட்காதீர்கள்.