2400 சதுர அடிக்கு எத்தனை அடி வேலி?

மனை 2400 சதுர அடி, சுற்றிலும் கம்பிவேலி எத்தனை அடி என்று கேட்டிருக்கிறீர்கள். பரப்பளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதுங்க. 40க்கு 60 என்றால் சுற்றளவு 200 அடி. 30க்கு 80 என்றால் 220. 20க்கு 120 என்று ஒடுங்கலாக இருந்தால் 280! சரிசதுரம்தான் சிக்கனம்: 2400இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 49, நான்கால் பெருக்கினால் 196. நான்கு பக்க மனையில் அதற்குக் கீழே இறங்காது.

பத்திரத்தில் சொத்து விவரத்தைப் பாருங்கள். ‘கிழமேல் வடபுறம் இத்தனை அடி’ (வடக்குப் பக்கத்தில் கிழக்கு மேற்காக உள்ள நீளம்) என்று ஒவ்வொரு பக்கமும் எழுதியிருக்கும். சரியான செவ்வகம் என்றால் முகப்பு அளவு ஒன்றே போதும். 2400ஐ அதால் வகுத்தால் நீளம் வரும், இரண்டையும் கூட்டி இரட்டியுங்கள். எதிர்ப்பக்கங்கள் ஒத்துவராவிட்டால் நான்கையும் அப்படியே கூட்டிவிடுங்கள். அப்புறம், கேட்டுக்கு விடும் அகலத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.