பேரிக்காயும் கரடியும்

வணக்கம் அண்ணா,

கோத்தகிரியில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள், இரண்டாவது மூன்றாவது படிக்கிறவர்கள். 'ரைமிங் வேர்ட்ஸ் ஐந்து எழுதி வா' என்று பள்ளியில் அடிக்கடி வீட்டுப்பாடம் தருகிறார்கள். ஹில், பில், மில், டில், வில் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள், ஒன்றுக்காவது அர்த்தம் கேட்டால் முழிக்கிறார்கள். போன வாரம் ஒரு பெண், பேரிக்காயைச் சொல்லும் 'பேர்' என்ற சொல்லுக்கு இயர், டியர், நியர் என்று எழுதிக்கொண்டு போனாள். அதற்கு டிக் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தப்பு என்று எனக்குத் தெரிகிறது, ஏன் தப்பு என்று அவளுக்குச் சொல்லத்தான் தெரியவில்லை. ஒரே மாதிரி முடிகிற இந்தச் சொற்களுக்குள் அர்த்தத்தில் ஏதாவது சம்பந்தம் உண்டா? இல்லையென்றால் எதற்குச் சேர்த்துப் படிக்க வேண்டும்? ரைமிங் டிக்‌ஷனரி ஒன்று வாங்கினால் உதவுமா?

ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள தங்கைக்கு,

சம்பந்தம் கிடையாது. மலைக்கும் மாவு மில்லுக்கும் கடை பில்லுக்கும் அர்த்தத்தில் ஒரு உறவும் இல்லை, ஓசை மட்டும்தான் ஒன்று. நம் ஊரிலும் அப்படித்தானே? 'கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக' என்பதில் கற்பதற்கும் நிற்பதற்கும் பிறவியிலேயே என்ன சொந்தம்? இரண்டாம் எழுத்து ஒன்றி எதுகையாக நின்ற இரண்டு சொற்களை எடுத்து, படித்தால் படித்தபடி நில் என்று முடிச்சுப் போட்டவர் வள்ளுவர். சொந்தம் அவர் உண்டாக்கியது. ஆங்கிலப் பாட்டுக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். நாம் அடியின் தலையில் தேடுகிற ஒற்றுமையை அவர்கள் அடியின் கடைசியில் தேடுகிறார்கள். நம் இலக்கணத்தில் அதற்கு நெருக்கமானது இயைபு.

சரி, பேரிக்காய்க்கு வருவோம். அந்தப் பெண் காதால் சேர்க்க வேண்டியதைக் கண்ணால் சேர்த்திருக்கிறாள். ஈ, ஏ, ஆர் என்ற மூன்று எழுத்தும் 'இயர்' என்பதில் இருக்கின்றன, 'பேர்' என்பதிலும் அப்படியே இருக்கின்றன, ஆகவே இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டாள். தமிழ் படித்த பிள்ளைக்கு அது நியாயமான முடிவுதான், நம் எழுத்தில் பார்த்ததைப் படித்தால் ஓசை அனேகமாகச் சரியாக வந்துவிடும். ஆங்கிலத்தில் ரைம் என்றால் அழுத்திச் சொல்லும் உயிர் ஒலியிலிருந்து கடைசி வரை ஓசை ஒன்றாக இருக்க வேண்டும், எழுத்து எப்படி வேண்டுமானாலும் போகட்டும். பேரிக்காயோடு சேர வேண்டியவை நாற்காலியின் சேர், தலைமுடியின் ஹேர், அக்கறையின் கேர், 'அங்கே' என்னும் தேர். எழுத்தைப் பார்த்தால் நாலும் மூன்று விதம், காதில் விழுந்தால் ஒரே விதம். இன்னும் ஒன்று அவளுக்குக் காட்டுங்கள்: டி, ஈ, ஏ, ஆர் என்று எழுதுகிற சொல் கண்ணீரைக் குறிக்கும்போது இயரோடு சேரும், துணியைக் கிழிப்பதைக் குறிக்கும்போது பேரோடு போய்விடும். எழுத்தை நம்பி ரைம் பார்க்க முடியாது என்று அந்த ஒரு சொல்லிலேயே அவளுக்குப் புரிந்துவிடும்.

ஏன் இப்படி ஆயிற்று என்று பெரிய பிள்ளைகள் யாராவது கேட்டால் சொல்லுங்கள். வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தது 1476இல். அந்தக் காலத்தை ஒட்டித்தான் ஆங்கிலத்தின் நெடில் ஓசைகள் ஒவ்வொன்றாக இடம் மாறத் தொடங்கியிருந்தன, அது முடியவே சில நூற்றாண்டுகள் பிடித்தன. அச்சில் எழுத்து மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டுவிட்டது, வாய் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் போப் என்ற கவிஞர் ஓர் அடியை 'ஒபே' என்று முடித்து, அடுத்த அடியைத் தேநீரைச் சொல்லி முடித்தார். இன்றைக்குப் படித்தால் 'டீ' என்று வந்து ரைம் உடைகிறது. அவர் காலத்தில் அதை 'டே' என்றும் சொன்னார்கள், கச்சிதமாகப் பொருந்தியது. நம் தேயிலையில் உள்ள 'தே'யும் அந்தப் பழைய ஓசைதான், சீனத்துத் தென்கிழக்குக் கடற்கரைப் பேச்சிலிருந்து கப்பலேறி வந்தது. கொழுந்து பறிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், மறக்கவே மாட்டார்கள்.

அப்புறம் நீங்கள் எழுதாத ஒன்று, ஆனால் உங்கள் பிள்ளைகளின் நோட்டிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆங்கிலச் சொல்லின் மேல் பென்சிலால் சின்னதாகத் தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்துக்கொள்கிற பழக்கம். பேரிக்காய்க்கு மேலும் 'பேர்', கரடிக்கு மேலும் 'பேர்'! மாத்திரைக்கும் 'பில்', கடை ரசீதுக்கும் 'பில்'. ரைம் என்பதே முதல் ஒலி மாறி மற்றது மாறாமல் இருப்பது. மாறுகிற அந்த முதல் ஒலியையே நம் எழுத்து மறைத்துவிட்டால் பிள்ளைக்கு அங்கே இரண்டு சொல் இருப்பதே தெரியாது. இதற்காகப் பயிற்சிப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம், இரண்டு ஒலியும் அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. 'பிள்ளை' என்று சொல்லச் சொல்லுங்கள், 'தம்பி' என்று சொல்லச் சொல்லுங்கள், தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு. தம்பியின் 'பி'யில் தொண்டை அதிர்வது விரலுக்கே தெரியும். அந்த அதிர்வோடு தொடங்கினால் கரடி, பிள்ளையின் 'பி' போலத் தொடங்கினால் பேரிக்காய். கடை, தங்கம் இரண்டையும் சொல்ல வைத்தால் 'க'வுக்கும் இதே வித்தியாசம் கிடைத்துவிடும். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் கரடி வருவது பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம், பேரிக்காய் மரமும் தெரியும், ஆகவே சொல்லைத் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை.

அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் வருத்தம் சரி. ஓசையையும் பொருளையும் பிரித்துப் படிக்கிற வழக்கம் நம்முடையது அல்ல. பாட்டாகவே எழுதிய பழைய அகராதியான சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குள்ள பல பொருளைச் சொல்வது, அதை மண்டல புருடர் ககர எதுகை, ஙகர எதுகை என்று ஓசைப்படிதான் அடுக்கினார். 'பகவன்' என்ற சொல்லோடு தொடங்கும்; ஈசன், மாயோன், பிரமன், அருகன், புத்தன் என்று ஐந்து பொருளும் அங்கேயே பாட்டில் வந்துவிடும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள், ஓசை நாக்கில் ஏறும்போது பொருளும் கூடவே ஏறியது. இன்றைய நோட்டில் ஓசை மட்டும் ஐந்து வரியில் நிற்கிறது, பொருளை யாரும் கேட்பதில்லை.

உங்கள் பிள்ளைகள் ஒப்பிக்கிற வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். பில் என்றால் கடை ரசீது, பறவையின் அலகு, சட்டசபையில் கொண்டுவருகிற மசோதா. இருவாச்சியை ஆங்கிலத்தில் ஹார்ன்பில் என்பது அதன் அலகை வைத்துத்தான். ரசீதும் மசோதாவும் லத்தீன் வழி வந்தவை, அலகு பழைய ஆங்கிலத்துச் சொல். வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள் ஒரே ஓசையில் வந்து நிற்கிறார்கள். டில் என்றால் 'வரை', நிலத்தை உழுவது, கல்லாப்பெட்டி. வில் என்பது மனவுறுதி, உயிலும் அதுவே, நாளைக்குச் செய்யப்போவதைச் சொல்லும் துணைச்சொல்லும் அதுவே. ஸ்டில் எனக்குப் பிடித்த சொல். அசையாமல் இருப்பது, 'இன்னும்' என்பது, சினிமா ஸ்டில், எல்லாம் சரி. தைலம் காய்ச்சுகிற கலத்துக்கும் ஸ்டில் என்றுதான் பெயர். உங்கள் பக்கத்தில் தைலக் கொட்டகை இருந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். இலையை அடைத்துக் கீழே தீயெரிப்பதையும், ஆவி குழாய் வழியாகப் போய்த் தண்ணீரில் குளிர்ந்து சொட்டுவதையும், எண்ணெய் மேலே மிதப்பதையும் ஒரு முறை பார்த்த பிள்ளைக்கு அந்தச் சொல்லுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

அப்புறம் அவர்களையே முடிச்சுப் போட விடுங்கள். ஆங்கிலத்தில் முழு வாக்கியம் வராவிட்டால் பரவாயில்லை, 'ஹில்லு மேல சில்லு, கடையில கேட்டான் பில்லு' என்று கலந்து பாடட்டும். குளிரைச் சொல்லும் ஆங்கிலச் 'சில்'லும் நாம் சொல்கிற சில்லென்ற காற்றும் ஒத்துப்போவது தற்செயல்தான், இருந்தாலும் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டால் பிடித்துக்கொள்ளட்டும். வாக்கியத்தில் உட்கார்ந்த சொல் மட்டும்தான் அவர்களுடையது ஆகும், வரிசையில் நிற்கிற சொல் பரீட்சையோடு போய்விடும். ஒரு நாளைக்கு ஐந்து வேண்டாம், இரண்டு போதும்.

ரைமிங் டிக்‌ஷனரி இப்போதைக்கு வேண்டாம். 1775இல் ஜான் வாக்கர் வெளியிட்டதில் சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கியிருந்தார்; எழுத்துப்படி அடுக்கினால் இயரும் பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் வரும், மறுபடியும் அதே குழி. அதைவிட உங்கள் போனில் உச்சரிப்பைச் சொல்கிற அகராதி ஒன்றைத் திறந்து, திரையைக் காட்டாமல் இரண்டு சொல்லை அடுத்தடுத்து ஒலிக்க விட்டு, சேருதா சேரலையா என்று கேளுங்கள். சேர்ந்தது என்று சொன்ன பிறகு எழுத்தைக் காட்டினால் போதும். டிக் வாங்கி வந்த அந்தப் பக்கத்தை நீங்கள் அடித்துத் திருத்த வேண்டாம், அவளே அதன் கீழே சேர், ஹேர், கேர் என்று மூன்றையும் எழுதட்டும். வகுப்பாசிரியரிடம் நேரில் பார்க்கும்போது பதமாகச் சொல்லிவிடுங்கள், நோட்டில் குறிப்பு எழுதி அனுப்பினால் அது பிள்ளை மேல் திரும்பும்.

அன்புடன்,
அண்ணன்